ஓட்டக்காரர்கள் சைக்கிளுக்கு வரும்போது: கேடன்ஸ், கால் பலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் ஆற்றங்கரைச் சாலைகளில் ஓடுகிறவர்கள் பலர் இப்போது சைக்கிளும் வாங்குகிறார்கள். மூட்டு வலி வந்து வாங்கியவர்கள் உண்டு. டூயத்லான் (ஓட்டமும் சைக்கிளும் சேர்ந்த போட்டி), டிரையத்லான் (அதோடு நீச்சலும்) ஆசையில் வாங்கியவர்கள் உண்டு. மகன் பிளஸ் ஒன்னில் அரசிடமிருந்து வாங்கிய சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறதே என்று எடுத்தவர்களும் உண்டு. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கமிருந்து வந்த இவர்கள் என்னிடம் கேட்டதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டு அப்புறம் சைக்கிளுக்கு வந்தவன். மருத்துவன் இல்லை. அதனால் வலி பற்றிய கேள்விகளுக்கு ஓர் எல்லைக்குள்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

பத்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறேன். சைக்கிளில் இருபது நிமிடத்திலேயே தொடை எரிகிறதே, ஏன்?

மூச்சு வாங்கவில்லை, தொடை மட்டும் எரிகிறது, அதுதானே? ஓடுகிறவர்கள் எல்லாரும் முதல் வாரத்தில் இதையே சொல்கிறார்கள்.

உங்கள் இதயமும் நுரையீரலும் தயாராக இருக்கின்றன. தசைதான் இந்த வேலைக்குப் புதிது. ஓடும்போது கால் தரையில் விழுகிற வேகத்தில் குதிகால் தசைநாணும் கெண்டைக்காலும் ரப்பர் மாதிரி இழுபட்டு, அந்த இழுவையையே அடுத்த அடிக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் சக்தி இலவசமாகக் கிடைக்கிறது. சைக்கிளில் அப்படித் திரும்பி வருவது ஒன்றும் இல்லை. பெடலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் வண்டி போகும். அந்த அழுத்தத்தில் பெரும்பங்கு முன்தொடையிலிருந்தும் புட்டத்துத் தசையிலிருந்தும் வருகிறது. ஓட்டத்தில் முன்தொடையின் முக்கியமான வேலை கீழே விழும் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது. தாங்கிப் பழகிய தசைக்கு ஒரு மணி நேரம் விடாமல் அழுத்தும் வேலையைக் கொடுத்தால் எரியத்தான் செய்யும்.

இது ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பெரிதும் குறையும். குறைய வேண்டுமானால் ஆரம்பத்திலேயே ஒரு பழக்கம் சரியாக அமைய வேண்டும். அதுதான் அடுத்த கேள்வி.

கேடன்ஸ் என்றால் என்ன? எவ்வளவு இருக்க வேண்டும்?

ஒரு நிமிடத்தில் பெடல் எத்தனை முழுச் சுற்று சுற்றுகிறது என்பதுதான் கேடன்ஸ். வலது கால் மேலிருந்து கீழே போய் மறுபடி மேலே வந்தால் ஒன்று.

புதிதாக மிதிப்பவர்கள் பெரும்பாலும் 55, 60 என்று மெதுவாக, கனமாக மிதிப்பார்கள். பழகியவர்கள் சமதரையில் 80 முதல் 95 வரை சுற்றுவார்கள். ஓட்டக்காரர்கள் 80–90 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண் உங்களுக்குப் புதிது கிடையாது. நீங்கள் ஓடும்போது நிமிடத்துக்கு 170 அடி வைக்கிறீர்கள் என்றால் வலது கால் மட்டும் 85 முறை தரையைத் தொடுகிறது. அதே 85-தான் இங்கேயும். வருடக்கணக்காக உங்கள் உடம்பில் ஊறிய கணக்கு அது. சைக்கிளில் ஏறியதும் பலரும் அதை மறந்துவிட்டு, மூட்டை ஏற்றிய வண்டியைத் தள்ளுவது போல மிதிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஓட்டத்தில் இருக்கும் தாளத்தைப் பெடலுக்கு இறக்குங்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான்.

கேடன்ஸ் காட்டும் மீட்டர் இல்லை. எப்படி எண்ணுவது?

வலது முழங்கால் மேலே வருவதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 20 வந்தால் 80, 22 வந்தால் 88.

நான் வேறு மாதிரி எண்ணுகிறேன். எங்கள் பக்கத்தில் பாட்டு கிளாஸ் போகாதவர்களுக்குக்கூட ஆதி தாளம் கையில் இருக்கும். எட்டு எண்ணிக்கை. வலது கால் கீழே போகும் ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணிக்கை என்று வைத்தால், எட்டு சுற்றுக்கு ஓர் ஆவர்த்தனம். நிமிடத்துக்கு 10 ஆவர்த்தனம் வந்தால் 80, 11 வந்தால் 88. மனதுக்குள் ஒரு கீர்த்தனையை ஓடவிட்டுக்கொண்டு திருவையாறு சாலையில் மிதித்துப் பாருங்கள். எண்ணுவதே மறந்துபோய்த் தாளம் மட்டும் நிற்கும். கடிகாரத்தைப் பார்த்துக் கேடன்ஸைப் பிடிப்பதைவிட இது கால்களுக்குச் சீக்கிரம் பழகுகிறது.

கனமான கியரில் மெதுவாக மிதித்தால்தானே கால் பலம் ஏறும்?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதல் மாதம் முழுக்க, கல்லணைக் கால்வாய்க் கரையில் இருப்பதிலேயே கனமான கியரைப் போட்டு அழுத்தினேன். ஐந்தாவது வாரம் மாடிப்படி இறங்கும்போது முழங்கால் சில்லுக்கு அடியில் வலி. இரண்டு மாதம் ஓட்டமும் போச்சு, சைக்கிளும் போச்சு. அதனால் இதற்குக் கணக்கோடு பதில் சொல்கிறேன்.

சைக்கிளை நகர்த்தும் திறன் இரண்டின் பெருக்கல்: எவ்வளவு பலமாக அழுத்துகிறீர்கள், எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறீர்கள். ஒன்று குறைந்தால் மற்றது ஏறியே ஆக வேண்டும். 150 வாட் திறனில் போகிறீர்கள், கிராங்க் (பெடலை நடு அச்சோடு இணைக்கும் கை) நீளம் 17 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் பெடலில் சுற்று முழுக்கச் சராசரியாக 14 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வேண்டும். 90 சுற்று என்றால் அது ஒன்பதரை கிலோவுக்கு இறங்கிவிடும். வேகம் அதேதான். கால் கீழே போகும் பாதிச் சுற்றில்தான் வேலை நடக்கிறது என்பதால், உச்ச அழுத்தம் சராசரியைவிட நிறைய மேலே போகும். 60-ல் மிதிக்கும்போது ஒவ்வொரு அழுத்தத்திலும் முழங்கால் சில்லின் மேல் விழும் கூடுதல் பாரத்தை, ஒரு மணி நேரத்துக்கு 3,600 முறை என்று பெருக்கிப் பாருங்கள்.

சரி, பாரம் அதிகமானால் பலம் ஏற வேண்டுமே? அங்கேதான் இன்னொரு விஷயம். தசை பலமாக வேண்டுமானால் அது தன் முழு பலத்துக்குப் பக்கத்தில் வேலை செய்ய வேண்டும். பத்துப் பதினைந்து முறை செய்ததும் இதற்கு மேல் முடியாது என்று நிற்கிற பாரம் வேண்டும். கனமான கியரில்கூட நீங்கள் ஆயிரக்கணக்கான முறை மிதிக்கிறீர்கள். ஆயிரம் முறை செய்ய முடிகிற ஒன்று பலப் பயிற்சி ஆகாது. மூட்டுக்குத் தேய்மானம் கொடுக்கும் அளவு கனம், தசையை வளர்க்கப் போதாத அளவு லேசு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறோம்.

குறைந்த கேடன்ஸில் மிதிக்கும்போது தசை முதலில் களைக்கிறது. அதிக கேடன்ஸில் மூச்சும் இதயமும் கொஞ்சம் கூடுதலாக உழைக்கின்றன. ஓட்டக்காரரிடம் எது நிறைய இருக்கிறது? மூச்சுதானே. இருப்பதைச் செலவு செய்யுங்கள்.

கனமான கியரே கூடாது என்று சொல்லவில்லை. நான்கைந்து மாதம் பழகி, மூட்டில் எந்த முணுமுணுப்பும் இல்லாதவர்கள் வாரம் ஒரு நாள், 60 சுற்றில், மூன்று நிமிடம் வீதம் நான்கு முறை செய்யலாம். நடுநடுவே அதே அளவு நேரம் லேசாகச் சுற்ற வேண்டும். அதுவும் சீட்டில் உட்கார்ந்தபடி, இடுப்பு ஆடாமல்.

பெரிய வீரர்கள் 100-க்கு மேல் சுற்றுகிறார்களே? நானும் அதற்குப் போகட்டுமா?

1972-ல் மெக்சிகோ நகரத்தில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் போனார். 2015-ல் லண்டனில் பிரிட்டிஷ் வீரர் பிராட்லி விக்கின்ஸ் 54.526 கிலோமீட்டர். இருவரும் நிமிடத்துக்கு 100 சுற்றுக்கு மேல்தான். ஆனால் அவர்களுடைய திறன் நம்மைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அவ்வளவு திறனை 80 சுற்றில் கொண்டுவர வேண்டுமென்றால் அழுத்தம் தாங்க முடியாத அளவுக்குப் போகும். அதனால் சுற்றைக் கூட்டுகிறார்கள்.

நாம் 100, 120 வாட்டில் போகும்போது 100 சுற்று சுற்றினால் வெறுமனே காலை ஆட்டுவதற்கே சக்தி வீணாகும். உண்மையில் லேசான வேகத்தில் மிகக் குறைந்த ஆக்சிஜன் செலவாவது 60, 70 சுற்றில்தான். அப்படியும் நான் 80–90 என்று சொல்வது, இரண்டாவது மணி நேரத்தில் தொடை மீதம் இருக்க வேண்டும் என்பதற்காக.

வேகமாகச் சுற்றினால் சீட்டில் தூக்கிப் போடுகிறது.

இரண்டு காரணம். சீட் அதிக உயரமாக இருக்கலாம். அல்லது கால் கீழே போய் முடிந்த பிறகும் நீங்கள் அழுத்திக்கொண்டே இருக்கலாம். அந்த அழுத்தத்துக்குப் போக இடமில்லாமல் உடம்பைத் தூக்குகிறது.

வீட்டு வாசலில் கிடக்கும் கோணிச் சாக்கில் ஈரக்காலைப் பின்பக்கமாக இழுத்துத் துடைப்போம் அல்லவா? பெடல் கீழே வரும்போது பாதத்தை அப்படிப் பின்னால் இழுங்கள். மேலே ஏறும் காலைப் பலமாகத் தூக்க வேண்டியதில்லை. அதன் எடை பெடலில் உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதும். இல்லாவிட்டால் வலது கால் அழுத்துவதில் ஒரு பங்கு, இடது காலைச் சுமந்து மேலேற்றவே போய்விடும்.

பயிற்சி இது: லேசான கியரில் 80-ல் ஆரம்பித்து, ஒரு நிமிடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றைக் கூட்டுங்கள். உடம்பு துள்ள ஆரம்பிக்கும் இடத்தில் ஐந்து சுற்று குறைத்து அங்கேயே நில்லுங்கள். தோளும் விரல்களும் தளர்வாக இருக்கட்டும். மூன்று நிமிடம் இளைப்பாறி மறுபடி. ஒரு நாளைக்கு ஐந்து முறை. துள்ளும் எல்லை மாதத்துக்கு மாதம் மேலே போவதை நீங்களே பார்க்கலாம்.

என்னிடம் கியர் இல்லாத சைக்கிள்தான் இருக்கிறது. அதில் கேடன்ஸ் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் கியர் இல்லாத வண்டியில் கேடன்ஸும் வேகமும் ஒன்றோடொன்று கட்டிப்போடப்பட்டவை. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும்.

என் அப்பாவின் பழைய 28 இஞ்ச் சைக்கிளில் செயின் ஓடும் சக்கரங்களின் பல்லை எண்ணிப் பார்த்தேன். முன்னால் 44, பின்னால் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் சுமார் 2.44 சுற்று சுற்றும், வண்டி 5.4 மீட்டர் நகரும். 60 சுற்றில் மணிக்கு 19 கிலோமீட்டர், 85 சுற்றில் 27 கிலோமீட்டர். நிமிர்ந்து உட்காரும் கனமான வண்டியில், ரோட்டில் குழி பார்த்துக்கொண்டு 27-ல் ரொம்ப நேரம் போவது சுலபமில்லை.

வழி இருக்கிறது. பின்னால் உள்ள ஃப்ரீவீலை (பின்சக்கரத்தின் பல்சக்கரம்) 20 பல்லுக்கு மாற்றச் சொல்லுங்கள். மெக்கானிக்குக்கு அரை மணி நேர வேலை. செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கலாம். அப்புறம் 80 சுற்றில் மணிக்கு 23 கிலோமீட்டர் வரும். அது நம் சாலைக்கும் காலுக்கும் பொருந்துகிற வேகம். புது வண்டி வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து ஆறு மாதம் மிதித்துப் பாருங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். கியர் வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்று மட்டும் கவனியுங்கள்: 85 சுற்று சுலபமாக வருகிற கியர்தான் உங்கள் கியர். பக்கத்தில் போகிறவர் எதில் போகிறார் என்று பார்க்காதீர்கள்.

ஆடிக் காற்றில் 85 எப்படி வரும்?

கியர் இல்லாத வண்டியில் வராது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

டெல்டாவில் மலை இல்லை என்கிற குறையை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேல்காற்று தீர்த்துவைக்கிறது. அம்மியையே நகர்த்தும் என்று பெரியவர்கள் சொன்ன காற்று. காற்றில்லாத நாளில் மணிக்கு 22 கிலோமீட்டர் போகிறீர்கள். எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், அதே 22-ல் போக உங்கள் உடம்பு 37 கிலோமீட்டர் வேகக் காற்றைக் கிழிக்க வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகிவிடும்.

அதனால் வேகத்தை விட்டுவிடுங்கள், சுற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கியர் வண்டி என்றால் இரண்டு கியர் இறக்கி (அதாவது லேசாக்கி), முழங்கையை மடித்து, நெஞ்சைத் தாழ்த்தி, அதே தாளத்தில் 16-லோ 17-லோ போங்கள். காற்று பலமாக அடிக்கும்போது எல்லாருக்கும் வீம்பு வருகிறது. கியரை இறக்காமல் அழுத்துகிறார்கள். மூட்டு வலி என்று ஆவணி மாதம் போன் செய்பவர்களில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்.

இன்னொன்று, போகும்போது மேற்கே போங்கள். கும்பகோணத்தில் இருப்பவர் தஞ்சாவூர் பக்கமாகப் போய்த் திரும்பினால் களைத்த பிறகு காற்று முதுகில் இருக்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் இருப்பவர்களுக்கு மத்தியானத்துக்கு மேல் கடல்காற்றும் உண்டு. அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் இரண்டிலிருந்தும் தப்பலாம்.

மேடே இல்லாத ஊரில் ஏற்றப் பயிற்சி எப்படி?

பாலங்கள் இருக்கின்றனவே! தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் பதின்மூன்று கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றைக் கடக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஏறி இறங்கும் ஒரு சரிவு, சின்னதோ பெரியதோ.

பாலத்துக்கு முப்பது மீட்டர் முன்பே ஒரு கியர் இறக்கிவிடுங்கள். சரிவில் கால் கனத்த பிறகு மாற்றினால் செயின் கறகறவென்று முனகும், தாளமும் உடையும். சரிவு ஆரம்பிக்கும் இடத்தில் பெடல் லேசாகத் தோன்ற வேண்டும், அவசரமாகக்கூடத் தோன்றலாம். பாதி ஏறும்போது சரியாகிவிடும். உச்சியில் சுற்று 75-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் நன்றாக ஏறிவிட்டீர்கள் என்று அர்த்தம். உச்சி வந்ததும் மிதிப்பதை நிறுத்தி உருளவிடாதீர்கள், இறக்கத்திலும் லேசாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த வாரம் காலை ஆறு மணிக்கு அந்தக் குடமுருட்டிப் பாலத்தின் மேல் அடிக்கும் ஈரவாசனைக்காகவே நான் இரண்டு முறை ஏறி இறங்குவேன்.

நீளமான சரிவு வேண்டும் என்றால் தஞ்சாவூரிலிருந்து வல்லம் பக்கம் போங்கள். அது மேட்டு நிலம். கண்ணுக்குத் தெரியாத ஏற்றம் தொடைக்குத் தெரியும்.

அப்படியானால் கால் பலத்துக்கு என்னதான் செய்வது?

சைக்கிளிலிருந்து இறங்கித் தரையில் செய்யுங்கள். வாரம் இரண்டு நாள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம்.

பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணத்தைச் சரியாகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. முழங்கால் உள்பக்கமாகச் சாயக் கூடாது. தொடை தரைக்கு இணையாக வரும்வரை இறங்கி எழ வேண்டும். பதினைந்து முறை சுலபமாக வந்தால் ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். அப்புறம் பத்து கிலோ. ஜிம்முக்குப் போகிறவர்கள் இதையே கம்பியும் தட்டும் வைத்து, எட்டு முறைக்கு மேல் முடியாத பாரத்தில், மூன்று சுற்று செய்யலாம். முறையைப் பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்ட பிறகு பாரம் ஏற்றுங்கள்.

அடுத்தது ஒற்றைக்கால் வேலை. ஓட்டமும் சைக்கிளும் ஒரு நேரத்தில் ஒரு காலால் செய்வதுதானே. திண்ணையோ, படித்துறையின் காய்ந்த படியோ, முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏதாவது வேண்டும். ஒரு காலை முழுதாக மேலே வைத்து, கீழே இருக்கும் காலால் உந்தாமல், மேல் காலின் பலத்தாலேயே ஏறுங்கள். இறங்கும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். காலுக்குப் பத்து முறை, மூன்று சுற்று. ஒரு கால் மற்றதைவிட வீக்காக இருப்பது இதில் பளிச்சென்று தெரியும். வீக்கான காலில் ஆரம்பியுங்கள், அது எத்தனை செய்ததோ மற்றக் காலும் அத்தனைதான். படித்துறையில் பாசி இருந்தால் வேண்டவே வேண்டாம்.

புட்டத்துக்கு, மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பை மேலே தூக்கி இரண்டு விநாடி நிறுத்துவது. கெண்டைக்காலுக்கு, படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது. இந்தக் கடைசி ஒன்றைச் சைக்கிளுக்காக என்பதைவிட ஓட்டத்துக்காகச் சொல்கிறேன். ஓட்டத்தைக் குறைக்கும்போது கெண்டைக்கால் தன் பழக்கத்தை இழந்துவிடும்.

முழங்கால் வலிக்கிறது. கேடன்ஸ்தான் காரணமா?

முதலில் சீட்டைப் பாருங்கள். நம் ஊரில் பத்தில் எட்டுப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள், நின்றால் இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்று. அது பயத்துக்கு நல்லது, மூட்டுக்குக் கெட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுபோய்க் குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. அப்புறம் பாதத்தின் முன்பகுதியால், பெருவிரலுக்குப் பின்னாலிருக்கும் மேட்டால் மிதித்தால் முழங்கால் அளவாக மடிந்திருக்கும். கணக்காக வேண்டும் என்றால், வெறுங்காலோடு நின்று கவட்டிலிருந்து தரைவரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6. இரண்டு கிராங்க்கும் சேரும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை அந்த உயரம்.

வலி முழங்காலின் முன்பக்கம் என்றால் சீட் தாழ்வாகவோ கியர் கனமாகவோ இருக்கும். பின்பக்கம் என்றால் பெரும்பாலும் சீட் உயரம். ஒரு முறைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள். வீக்கம் இருந்தாலோ, ராத்திரி தூங்கவிடாமல் வலித்தாலோ, சரிசெய்தும் இரண்டு வாரம் நீடித்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

சைக்கிள் வந்த பிறகு ஓட்டத்தை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். சைக்கிளில் எலும்பின் மேல் அதிர்வு விழுவதில்லை. மூட்டுக்கு அது ஓய்வு, ஆனால் எலும்பு உறுதியாக இருக்க அந்த அதிர்வு வேண்டும். நாற்பது தாண்டியவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, வாரம் இரண்டு நாளாவது ஓட்டமோ பலப் பயிற்சியோ இருந்தே ஆக வேண்டும்.

வாரம் ஐந்து நாள் ஓடுகிறவர் இரண்டு லேசான ஓட்டத்தைச் சைக்கிளாக மாற்றினால் போதும். தூரத்துக்குத் தோராயமாக ஒரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் சைக்கிள். அதே சிரமத்தில் இதயத் துடிப்பு ஓட்டத்தைவிடச் சைக்கிளில் ஐந்து, பத்து குறைவாகவே காட்டும். கடிகாரத்தில் ஓட்டத்துக்கு வைத்த எண்ணைத் துரத்திச் சைக்கிளில் உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள்.

சைக்கிளிலிருந்து இறங்கி ஓடினால் கால் மரக்கட்டையாக இருக்கிறதே?

எல்லாருக்கும் அப்படித்தான். ஒலிம்பிக் தூர டிரையத்லானில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள் முடித்துப் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கும் முதல் சில நிமிடம் கால் தன்னுடையது போல இருக்காது. கடைசி இரண்டு கிலோமீட்டரை ஒரு கியர் இறக்கி 90-ல் சுற்றுங்கள். இறங்கி ஓடும்போது சின்னச் சின்ன அடியாக வையுங்கள். வாரம் ஒரு முறை, சைக்கிளுக்குப் பின் பத்தே நிமிடம். நான்கு வாரத்தில் பழகிவிடும்.

எனக்கு 44 வயது. சுடிதாரில் ஓடுகிறேன். இப்போது போய்ச் சைக்கிள் பழகலாமா அண்ணா?

பழகலாம்மா. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல் உடைப்பவர்கள், கூலி வேலை செய்பவர்கள், அம்மாக்கள். அன்று அவர்களுக்கு இருந்த சைக்கிளில் பல ஆண்கள் ஓட்டும் குறுக்குக் கம்பி வண்டி. ஓட்டத்தில் பழகிய காலும் மூச்சும் உங்களிடம் இருக்கின்றன.

செயின் முழுக்க மூடிய வண்டியாகப் பாருங்கள். பேண்ட்டின் கால் முனையைப் பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள். துப்பட்டாவைக் குறுக்காக முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகுங்கள், அல்லது வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சீட் அகலமாகவும் ரொம்ப மெத்தென்றும் இருந்தால் தொடை உரசும், சுற்று வராது. இடுப்பெலும்பு தாங்குகிற அளவு அகலம் போதும்.

அறுவடைக் காலத்தில் சாலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

குறுவை, சம்பா அறுவடை நேரத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். ஓரத்தில் வரிசையாகக் கல்லோ முள்மரக் கிளையோ வைத்திருப்பார்கள். மெல்லிய டயர் நெல்மணிமேல் ஏறினால் குண்டுமணிமேல் ஏறியது போல உருண்டு வழுக்கும். அதைவிட, அது ஒருவருடைய மாதக்கணக்கான உழைப்பு. சுற்றிப் போங்கள், தேவைப்பட்டால் இறங்கித் தள்ளுங்கள்.

வைக்கோலும் அப்படித்தான். ஓர் இழை பின் கியரில் சிக்கினால் டிக் டிக் என்று சத்தம் வரும். உடனே நின்றுவிடுங்கள். இன்னும் நான்கு சுற்று மிதித்தால் இழை செயினுக்கும் பல்லுக்கும் நடுவில் இறுகி, கியரை வளைத்து ஸ்போக்கில் இழுத்துவிடும். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, விரலால் மெதுவாக உருவ வேண்டும். அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறிய இடத்தில் அப்பிக் கிடக்கும் களிமண்ணில், அதுவும் மார்கழிப் பனியில், திருப்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. நேராக, லேசாகச் சுற்றியபடி கடந்துவிடுங்கள்.

குடிக்க, சாப்பிட?

மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் தண்ணீர். சைக்கிளில் காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் தாகம் தாமதமாகத்தான் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் வாழைப்பழம், கடலை மிட்டாய். திரும்பி வந்ததும் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ.

சரி, நாளைக் காலை எதிலிருந்து ஆரம்பிப்பது?

இன்று சாயங்காலமே சீட்டைச் சரிசெய்து, டயரில் காற்று பார்த்துவிடுங்கள். நாளை முப்பது நிமிடம் மட்டும், போக்குவரத்து இல்லாத சாலையில், லேசான கியரில். முதல் பத்து நிமிடம் எதையும் எண்ண வேண்டாம். அடுத்த பத்து நிமிடம் வலது முழங்காலை எண்ணுங்கள், என்ன வருகிறதோ அதை எழுதி வையுங்கள். 62 வந்தால் 62. கடைசிப் பத்து நிமிடம் அதற்கு ஐந்து மேலே. அடுத்த வாரம் இன்னும் ஐந்து. 85 வரும்வரை கியரைத் தொடாதீர்கள்.